இறங்கிய நீரும் ஏற்றிய நீரும்

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் இயற்பியலுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். அந்த 'வேலை' என்ற சொல்லே இக்கட்டுரையின் பொருள் என்பதுதான் விடை. பூமிக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. அவ்வீர்ப்பு, ஏறி இறங்கும் பொருள்கள்மீது ஓயாது வேலை செய்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறும், மரத்திலிருந்து உதிரும் முந்திரிப் பழமும், கிணற்றுக்குள் தாழும் சாலும் அவ்வேலைக்கு உட்பட்டவையே. ஆண்டிமடம் போன்ற ஒரு மேட்டுநிலத்து ஊரின் வரலாற்றை அரசர் பெயர்களையும் போர்களையும் கொண்டு எழுதலாம். அதே வரலாற்றை, இவ்வட்டார மக்கள் புவியீர்ப்போடு எவ்வாறு கணக்கு வைத்துக்கொண்டார்கள் என்ற கோணத்திலிருந்தும் எழுதலாம். இரண்டாவது வழியில் சென்றால், அரசர்களோடு ஏற்றம் மிதித்தவர்களும் தலைச்சுமை சுமந்தவர்களும் வரலாற்றுக்குள் வந்து சேர்கிறார்கள். ஆதலின் அவ்வழியே ஈண்டு மேற்கொள்ளப்படுகிறது.

ஆண்டிமடம் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து உடையார்பாளையம் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் அடங்கியது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பெற்று, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆட்சியின் எல்லைக்கோடுகள் இவ்வாறு பலமுறை மாறினும் நிலத்தின் கிடப்பு மாறவில்லை. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே செம்மண் மேடு. ஆறுகள் தாழ்வில் ஓடுகின்றன. ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. மேட்டில் பெய்யும் மழை வடிந்து ஆற்றைச் சேர்ந்துவிடும். ஆற்று நீரோ தானாக மேடேறி வராது. வறட்சியைத் தாங்கும் முந்திரி இங்கே தழைத்ததற்கு இக்கிடப்பும் ஒரு காரணம். நீர் ஏன் மேடேறுவதில்லை, ஏற்ற வேண்டுமாயின் அதற்கு யார் விலை கொடுப்பது என்ற இரண்டு வினாக்களில் இவ்வட்டாரத்தின் ஆயிரமாண்டு உழவு வரலாறு அடங்கியிருக்கிறது எனலாம்.

உயரமே கணக்கு

பள்ளிப் பாடநூலில் நாம் அனைவரும் படித்த வரையறையை ஒருமுறை நினைவுகூர்வோம். ஒரு விசை ஒரு பொருளின்மேல் செயற்பட, அப்பொருள் அவ்விசையின் திசையில் இடம்பெயருமாயின், அவ்விசை வேலை செய்ததாகக் கொள்கிறோம். விசையையும், அதன் திசையில் நிகழ்ந்த இடப்பெயர்ச்சியையும் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். புவியீர்ப்பு விசையின் திசை எப்போதும் கீழ்நோக்கியதே. ஆகவே ஒரு பொருள் எவ்வளவு உயரம் இறங்கிற்று என்பதொன்றே அங்கே கணக்கு.

ஐம்பது கிலோ எடையுள்ள முந்திரிக்கொட்டை மூட்டையொன்று, ஒரு மீட்டர் உயரமுள்ள வண்டித் தட்டிலிருந்து தரைக்கு இறங்குவதாகக் கொள்வோம். ஐம்பதை 9.8-ஆல் பெருக்கி, மீண்டும் ஒன்றால் பெருக்க, 490 ஜூல் என வரும். இது புவியீர்ப்பு அம்மூட்டையின்மேல் செய்த வேலை. அதே மூட்டையைத் தரையிலிருந்து தட்டுக்கு ஏற்றினால், புவியீர்ப்பு செய்யும் வேலை அதே 490 ஜூல். ஆனால் எதிர்க்குறியோடு வரும். அந்தக் கழித்தலை ஈடுகட்ட ஏற்றுபவரின் தசைகள் குறைந்தது 490 ஜூல் தந்தாக வேண்டும். மூட்டையைச் சுமந்து சமதரையில் ஒரு காதம் நடந்தாலோ, புவியீர்ப்பு செய்த வேலை சுழி. சுமந்தவருக்குக் களைப்பு உண்டு. அது அவர் தசைகளுக்குள் செலவான ஆற்றல். மூட்டையின் கணக்கில் அதற்கு வரவில்லை. உழைப்பு வேறு, இயற்பியல் கூறும் வேலை வேறு என்ற உண்மை இவ்விடத்தில் சற்றே கொடுமையாகத் தோன்றினும், அதுவே மெய்.

இதிலிருந்து மற்றொரு செய்தியும் பெறப்படும். படிக்கட்டில் இறங்கினும், சாய்பலகையில் சறுக்கினும், நேரே கீழே விழினும், இறங்கிய உயரம் ஒன்றாயின் புவியீர்ப்பு செய்த வேலையும் ஒன்றே. வழி எத்தனை வளைந்தாலும் கணக்கு மாறாது. புறப்பட்ட இடத்துக்கே மீண்டு வந்தால் மொத்த வேலை சுழியாகிவிடும். புவியீர்ப்பு கடன் கொடுக்கும். கொடுத்ததைச் சல்லி குறையாமல் திரும்பப் பெற்றும்விடும்.

இவ்வுண்மை மேனாட்டில் எழுத்து வடிவம் பெற்ற வரலாறு சுவையானது. 1638-இல் லெய்டன் நகரில் அச்சான தமது இறுதி நூலில் கலிலியோ, உராய்வற்ற சரிவுகளில் உருளும் பந்து, சரிவு செங்குத்தாயினும் சாய்வாயினும், ஒரே உயரம் இறங்கினால் ஒரே வேகத்தையே அடையும் என்று எழுதினார். சென்னையில் ஆங்கிலேயர் கோட்டைக்கு இடம் பெற்றதற்கு முந்தைய ஆண்டு அது. 'வேலை' என்ற சொல்லை அளவிடத்தக்க இயற்பியற் கலைச்சொல்லாக நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் கோரியோலிஸ், ஆண்டு 1829. 1840-களில் இங்கிலாந்தின் ஜூல், கீழிறங்கும் எடைகளைக் கொண்டு நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீர் சூடேறுவதை அளந்து, எடை இழந்த உயரம் வெப்பமாக வெளிப்படுவதைக் காட்டினார். வேலையின் அலகு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த கோல்டிங்காம், 1821-இல் அங்கே ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பின் அளவைக் கணித்தார். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு சிறிதே குறையும். ஆதலால் இலண்டனைவிடச் சென்னையில் நொடி ஊசலின் நீளம் குறைந்திருந்தது. அந்நிலையத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருப்பது நம் போன்றோர் மகிழத்தக்க செய்தி.

சுமைதாங்கி

கோரியோலிசும் ஜூலும் சொல்லுக்கும் எண்ணுக்கும் கொண்டுவந்ததை, நம் முன்னோர் கல்லில் செய்து வைத்தனர். பழைய பாதைகளின் ஓரத்தில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களைப் பலரும் கண்டிருப்பர். இரண்டு நடுகற்களின்மேல் குறுக்கே கிடக்கும் ஒரு பலகைக்கல். உயரம் ஏறத்தாழ ஆள் தோளளவு. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக, இறக்கப்படாத சுமையோடு அவள் சென்றாளே என்ற துயரத்தால், உறவினர் இதனை நட்டுவைப்பது தமிழ்நாட்டு வழக்கம்.

அதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முப்பது கிலோ சுமையைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத் தலைக்கு ஏற்ற 441 ஜூல் வேண்டும். கணக்கில் இது சிறிய எண்ணே. ஆயினும் குனிந்து எடுத்துத் தலைக்கு உயர்த்தும் அந்த ஒரு நொடி, தனியே செல்லும் வழிப்போக்கருக்கு இயலாத நொடி. தூக்கிவிட மற்றொருவர் வேண்டும். வழியில் சுமையைத் தரையில் இறக்கினால், ஏற்கெனவே கொடுத்த உயரம் முழுவதும் வீணாகும். சுமைதாங்கியிலோ இழப்பது ஒரு சாண் உயரமே. அந்த ஒரு சாணை மட்டும் திரும்பக் கொடுத்தால் போதும். களைத்த கழுத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. சுமையின் உயரமும் காப்பாற்றப்படுகிறது.

உயரத்தை வீணாக்காமை என்பதே சுமைதாங்கியின் தத்துவம். அறம் என்று நாம் போற்றும் இச்செயலுக்குள் ஒரு நுண்ணிய இயற்பியல் அறிவு இருப்பதை மறுக்க இயலாது. இதே தத்துவத்தைத் தலைச்சுமையின் அளவிலிருந்து ஒரு நாட்டின் அளவுக்கு விரித்தால் நமக்குக் கிடைப்பது ஏரி.

நீராலாகிய வெற்றித் தூண்

கடல் நீரை ஆவியாக்கி மேலேற்றுபவன் ஞாயிறு. காற்று அதனைக் குடகுமலைக்குக் கொண்டு சேர்க்கிறது. தலைக்காவிரி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து புவியீர்ப்பு காவிரியை இழுத்து வருகிறது. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி அந்த உயரம் முழுவதையும் இழந்து ஆறு கடலைச் சேர்கிறது. உயரத்தை ஏற்றியதற்கு நாம் ஒரு காசும் கொடுக்கவில்லை; கதிரவன் கொடுத்தான். அவ்வுயரம் நம் வயல்களுக்குப் பயன்படுமா, கடலுக்கே போய்ச் சேருமா என்பது மட்டுமே மனிதர் கையில் இருந்தது.

ஆற்றுக்கு இணையாக ஒரு வாய்க்கால் வெட்டி, ஆறு இறங்குவதைவிட மெதுவாக அதனை இறங்கச் செய்தால், சில காதம் கடந்தபின் வாய்க்கால் ஆற்றைவிட உயரத்தில் நிற்கும். அந்த உயர வேறுபாடே பாசனம். சரிவு மிகுந்தால் கரை அரிக்கும். குறைந்தால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டு, பல காதத் தொலைவுக்கு அதனைப் பிறழாமல் காப்பதுதான் சோழர் காலத்து நீரியல் வல்லுநரின் கலை. அவர்கள் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் வெட்டிய சரிவுகள் கிட்டியுள்ளன.

முதலாம் பராந்தகன் (907–955) காலத்தில் வீரநாராயண ஏரி, அதாவது இன்றைய வீராணம், அமைந்தது. அவனுடைய காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊராட்சிக் குழுக்களுள் ஏரி வாரியத்தையும் குறிக்கின்றன. ஏரியின் உயரத்தைக் காப்பது ஊரின் பொதுப்பொறுப்பு என்பதற்கு அக்கல்வெட்டுகளே சான்று. பராந்தகனின் வழித்தோன்றலாகிய முதலாம் இராசேந்திரன் (1014–1044), கங்கைப் படையெடுப்புக்குப் பின் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கி, அதன் மேற்கே சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். கங்கை நீர் கொண்டுவந்து ஊற்றப்பெற்ற அவ்வேரியை நீராலாகிய வெற்றித் தூண் என்ற பொருள்படத் திருவாலங்காட்டுச் செப்பேடு குறிப்பிடுகிறது.

அரசவைக் கவிஞரின் அவ்வுருவகம் எத்துணைப் பொருத்தமானது என்பதை இயற்பியல் கொண்டு நோக்குக. தூண் என்பது உயர்ந்து நிற்பது. ஏரி என்பதும் உயர்த்தி நிறுத்தப்பட்ட நீரே. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள், வடக்குத் தெற்காக 16 மைல் நீளம் சென்ற அதன் கரையையும், கொள்ளிடத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் நீளம் வந்த ஒரு கால்வாயையும், வெள்ளாற்றிலிருந்து வந்த மற்றொரு சிறு கால்வாயையும் கூறுகின்றன. இரண்டு ஆறுகளின் உயரத்தையும் சிறிது சிறிதாகச் சேமித்து இடையிலுள்ள நிலத்துக்கு வழங்கிய ஒரு மாபெரும் சுமைதாங்கி அது. கரைக்குப் பின்னால் ஒரு கனமீட்டர் நீர் வயலைவிட மூன்று மீட்டர் உயரத்தில் நின்றால், அதனுள் 29,400 ஜூல் அடங்கியிருக்கிறது. மதகைத் திறந்துவிட்டால் நீர் தானே வயலைத் தேடிச் செல்லும். மாடும் வேண்டா, மனிதத் தோளும் வேண்டா. ஓர் ஆள் தூம்பின் அடைப்பைத் தூக்கினால் போதும்.

அவ்வேரி அழிந்தது. படையெடுத்து வந்த சேனையொன்று கரையை உடைத்தது என்பது அப்பகுதி மக்கள் சொல்லி வந்த செய்தியாகப் பதிவாகியுள்ளது. பகைப்படையால் உடைந்ததோ, பேணுவார் இன்றிச் சிதைந்ததோ, முடிவு ஒன்றுதான்: பல தலைமுறை சேமித்த உயரம் கைவிட்டுப் போயிற்று. இன்று பொன்னேரி என்ற பெயரில் எஞ்சி நிற்பது அப்பேரேரியின் ஒரு பகுதியே.

கோயில் மதிலும் கீழணையும்

சோழகங்கம் தூர்ந்து கிடந்த காலத்தில் புவியீர்ப்பு மற்றொரு தீங்கையும் செய்துகொண்டிருந்தது. திருவரங்கத்துக்கு மேற்கே காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில், கொள்ளிடத்தின் போக்கு நேரானதும் சரிவு மிக்கதும் ஆகும். ஆகவே நீர் மென்மேலும் கொள்ளிடத்துக்கே பாய்ந்தது. காவிரியின் படுகையில் மணல் மேடிட்டது. தஞ்சைக் கழனிகள் வாடின. ஆர்தர் காட்டன் இதனை ஆராய்ந்து, 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், கிழக்கே அணைக்கரையில் கீழணையையும் கட்டுவித்தார். ஆற்றின் குறுக்கே சில அடி உயரத்தை எழுப்பி, நீர் எப்பக்கம் இறங்குவது என்பதை மாற்றியமைத்ததே அவ்வணைகளின் செயல்.

கீழணைக்குக் கல் தேவைப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதில் தகர்க்கப்பட்டு, அக்கற்கள் அணைக்கு எடுத்துச் செல்லப்பட்டன. ஊரார் தம்மால் இயன்றவரை தடுத்துப் பார்த்தனர் என்றும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லப்பட்ட வாக்கு நிறைவேற்றப்படவில்லை என்றும் 1855-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று தெரிவிக்கிறது. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் எளிய மக்களின் தோள்களும் மாடுகளும் ஏற்றி வைத்த கற்கள், ஓர் ஆண்டில் இறங்கிப் போயின. கோயில் தன் உயரத்தில் ஒரு பகுதியை ஆற்றுக்குக் கொடுத்தது என்று கூறினும் மிகையாகாது.

இதில் வரலாற்றின் விந்தையொன்றும் உண்டு. கீழணையில் உயரும் நீர் வடவாற்றின் வழியாக வீராணத்தை நிரப்புகிறது. இராசேந்திரன் எழுப்பிய மதிலின் கற்கள், அவனுடைய பாட்டனின் பாட்டனாகிய பராந்தகன் காலத்து ஏரிக்கு நீர் ஊட்டத் துணைநின்றன. அவ்வீராணத்து நீர் 2004 முதல் சென்னை மாநகருக்கும் செல்கிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும், அங்கிருந்து கடாம்புலியூர் மேட்டுக்கும் மின்னியந்திரங்கள் அதனை ஏற்றுகின்றன. அதற்கப்பால் சென்னைப் போரூர் வரை நீர் தன் எடையாலேயே குழாய்க்குள் இறங்கிச் செல்கிறது. ஒருமுறை உயரத்தைக் கொடுத்துவிட்டால், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும் என்ற சோழர் காலத்துப் பாடம் இருபத்தொன்றாம் நூற்றாண்டுத் திட்டத்திலும் மாறவில்லை.

அந்தப் பெருந்திட்டங்களின் நீர் செம்மண் மேட்டுக்கு ஏறி வரவில்லை. இங்கே கிணறுதான் கதி. ஆகவே இனிக் கிணற்றடிக்குத் திரும்புவோம்.

ஏற்றமும் கவலையும்

நீரிறைவை நமக்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சியில் ஏற்றமும் ஆம்பியும் பேசப்படுகின்றன. அண்மைக் காலம் வரை, ஏறத்தாழ 1960-கள் வரையில், தமிழ்நாட்டுக் கிணறுகள் பலவற்றில் ஏற்றமே இயந்திரம். நடப்பட்ட கால்களின்மேல் நீண்ட துலா; அதன் ஒரு முனையில் தொங்கும் ஏற்றக்கோல்; கோலின் அடியில் சால். துலாவின்மேல் ஒருவரோ இருவரோ ஏறி நின்று, முன்னும் பின்னும் நடப்பர். கிணற்றுப் பக்கம் அவர்கள் வர, சால் தாழ்ந்து நீர் மொள்ளும். பின்பக்கம் அவர்கள் செல்ல, அவர்களுடைய எடையால் துலாவின் பின்முனை தாழ்ந்து, சால் மேலேறும். கீழே நிற்பவர் சாலைக் கவிழ்ப்பார்.

பார்ப்பவருக்கு நீரை ஏற்றுவது புவியீர்ப்பே என்று தோன்றும். மனிதர் இறங்குகிறார், நீர் ஏறுகிறது. அவருடைய எடை செய்த வேலை நீருக்குச் சேர்கிறது. உண்மைதான். ஆனால் முன்பு கூறிய கடன் கணக்கை ஈண்டு நினைவுகூர வேண்டும். இறங்கிய மனிதர் அடுத்த சாலுக்காக மறுபடியும் துலாவின்மேல் மேலேறி வந்தாக வேண்டும். ஒரு சுற்று முடிந்து அவர் பழைய இடத்துக்கு வரும்போது, புவியீர்ப்பு அவர்மேல் செய்த மொத்த வேலை சுழி. ஆயின் நீர் மட்டும் மேலேறி நிற்கிறதே, அதற்கு யார் கொடுத்தது? ஒவ்வொரு முறையும் தம் உடலையே தூக்கிக்கொண்டு மேலே நடந்த அவருடைய கால்கள் கொடுத்தன. அக்கால்களுக்குக் கூழும் கம்பஞ்சோறும் கொடுத்தன. புவியீர்ப்பு இடையில் நின்று கைமாற்றிவிட்ட தரகு மட்டுமே.

அந்தக் கொடையின் அளவு என்ன? ஓர் ஏக்கர் நிலத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் பாய்ச்ச ஏறத்தாழ இரண்டு இலட்சம் லிட்டர் வேண்டும். நீர்மட்டம் ஐந்து மீட்டர் ஆழத்தில் இருப்பின், அதனை ஏற்றத் தேவையான வேலை ஏறத்தாழ 98 இலட்சம் ஜூல். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒவ்வொரு முறையும் இரண்டு மீட்டர் ஏறி இறங்குவதாகவும், உராய்வாலோ சிந்துவதாலோ ஒரு துளியும் வீணாகவில்லை என்றும் கொண்டால்கூட, அவர் எட்டாயிரத்து முந்நூறு முறைக்கும் மேல் ஏறி இறங்க வேண்டும். ஒரு தண்ணீருக்கு, ஓர் ஏக்கருக்கு, இது கணக்கு. நெல்லுக்கோ பல தண்ணீர் வேண்டும்.

இதனை எண்ணிக்கொண்டு நோக்கினால், ஏற்றப்பாட்டு ஏன் பிறந்தது என்பது விளங்கும். சால்களை எண்ணுவதற்கும், துலாவின் மேலுள்ளவரும் கீழே நிற்பவரும் ஒரே தாளத்தில் இயங்குவதற்கும், களைப்பை மறப்பதற்கும் எழுந்த பாட்டு அது. கவிச்சக்கரவர்த்தி கம்பர், ஏற்றக்காரர் ஒருவர் பாடி நிறுத்திய அடிக்கு அடுத்த அடி யாதாக இருக்கும் என்று அறிய மறுநாள் வரை காத்திருந்தார் என்ற செவிவழிக் கதை நம்மிடையே உண்டு. கதை நிகழ்ந்ததோ இல்லையோ, உழைப்பவரின் பாட்டுக்கு முன் பெரும்புலவரும் தலைவணங்கினார் என்று மக்கள் நம்ப விரும்பியது வரலாற்று உண்மை. நம் இலக்கியத்தின் ஒரு கிளையே புவியீர்ப்புக்கு எதிராக நீரை ஏற்றிய உடல்களிலிருந்து முளைத்தது என்பதை இலக்கிய அன்பர்கள் மறத்தலாகாது.

கவலை, சில ஊர்களில் கமலை என்பது, மாடுகளைக் கொண்டு இறைப்பது. கிணற்றின் வாயிலிருந்து சரிந்து செல்லும் ஒரு பாதை. உருளைமேல் ஓடும் வடம். வடத்தின் முனையில் சால். மாடுகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் இழுவையோடு எடையும் சேர்ந்து சாலை மேலேற்றும். சரிவு அமைத்த முன்னோரின் நுட்பம் பாராட்டத்தக்கதே. எனினும் இங்கும் மாடுகள் பின்னடி வைத்து மேடேறித் திரும்பியாக வேண்டும். கடன் மாட்டின் கணக்கில் எழுதப்பட்டது, அவ்வளவே வேறுபாடு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் பொறியியலறிஞர் இவ்விறைவைகளையெல்லாம் ஆராய்ந்து, எண்ணெய் இயந்திரங்களைக் கொண்டு நீர் இறைக்கும் முயற்சிகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊக்குவித்தார். இறைவைப் பாசனம் பற்றி அவர் எழுதிய நூல் 1912-இல் வெளிவந்தது. ஏற்றம் மிதித்தவரின் கால்களுக்கு விடுதலை அப்போதுதான் தொலைவில் தெரியத் தொடங்கிற்று.

மூன்று யூனிட்டு

அவ்விடுதலை நமக்கு அண்டை ஊரிலிருந்தே வந்தது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1962-இல் அங்கே மின்சாரம் பிறந்தது. நெய்வேலிச் சுரங்கத்தின் கதையிலும் நீரே முதற் பகை. பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் அழுத்தத்தோடு அடைபட்டிருந்த நிலத்தடி நீர் மேல்நோக்கி உந்தியது. இரவு பகலாக அதனை இறைத்தால்தான் நிலக்கரியை எடுக்க இயலும். நீரை இறைத்து நிலக்கரி, நிலக்கரியை எரித்து மின்சாரம், மின்சாரத்தால் மீண்டும் நீர் இறைப்பு என்று அச்சக்கரம் சுழலலாயிற்று.

முன்பு கூறிய ஏக்கர்க் கணக்கை மின்சாரத்தில் போட்டுப் பார்ப்போம். 36 இலட்சம் ஜூல் ஒரு யூனிட்டு. ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்து இரண்டு இலட்சம் லிட்டரை ஏற்ற, இழப்பின்றிக் கணக்கிட்டால் மூன்று யூனிட்டுக்கும் குறைவே. எட்டாயிரம் முறைக்கு மேல் ஒருவர் தம் உடலைத் தூக்கி நடந்த உழைப்பு மூன்று யூனிட்டுக்குள் அடங்கிவிட்டது! மின் மோட்டாரைக் குறை கூறி, ஏற்றத்தைப் புகழ்ந்து பெருமூச்சு விடுவோர் இந்த ஒரு கணக்கை உள்ளங்கொள்ளுதல் வேண்டும். ஏற்றப்பாட்டு ஒழிந்ததற்கு வருந்தலாம். ஏற்றம் ஒழிந்ததற்கு வருந்துதல் தகாது. மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளியில் அமர்ந்து ஜூல் கணக்குப் போடுகிறார்கள் என்றால், அதற்கு அந்த மூன்று யூனிட்டும் ஒரு காரணம்.

ஆயினும் கணக்கு அத்துடன் முடிவதில்லை. உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசம் என்று தமிழ்நாடு அரசு 1990-இல் அறிவித்தது. சிறு உழவரைக் காத்த அந்நடவடிக்கையின் நன்மையை யாரும் மறுக்கவியலாது. எனினும் விலையில்லாத பொருளுக்குக் கணக்கெழுதும் வழக்கம் நம்மிடம் குறைவு. திறந்த கிணறுகள் வற்றின. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நீர்மட்டம் ஐம்பது மீட்டருக்குத் தாழுமாயின், அதே ஏக்கருக்கு அதே நீரை ஏற்ற 27 யூனிட்டு வேண்டும். நூறு மீட்டருக்குத் தாழுமாயின் 54 யூனிட்டு. மோட்டாரிலும் குழாயிலும் நேரும் இழப்பைச் சேர்த்தால் இவை ஏறத்தாழ இருமடங்காகும். விளையும் நெல் ஒன்றுதான். பாயும் நீரும் ஒன்றுதான். நாம் கைவிட்ட உயரம் மட்டுமே வேறு.

மின்கட்டணத்தை அரசு தள்ளுபடி செய்யலாம். புவியீர்ப்பு தள்ளுபடி செய்வதில்லை. உழவர் கொடுக்காத ஜூலை எங்கோ எரியும் நிலக்கரி கொடுக்கிறது. நிலக்கரிக்காக நிலம் கொடுத்தவர்கள் கொடுக்கிறார்கள். முன்பு ஏற்றக்காரரின் காலில் தெரிந்த விலை, இன்று கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறியிருக்கிறது. அவ்வளவே.

உயரத்தைக் காத்தல்

பழந்தமிழில் வேலை என்ற சொல்லுக்குக் கடல் என்ற பொருளும் உண்டு. தொழிலைக் குறிக்கும் வேலையும் கடலைக் குறிக்கும் வேலையும் ஒலியால் ஒன்றுபட்டது தற்செயலே. எனினும் நீரின் கதையைச் சொல்ல வந்த நமக்கு அது பொருத்தமாக வாய்த்திருக்கிறது. கடல் மட்டத்தை அடைந்த நீருக்கு இறங்க இனி இடமில்லை. புவியீர்ப்பு அதற்குச் செய்ய வேண்டிய வேலை, வேலையில் சென்று முடிகிறது. அதற்கு முன்னால், மேட்டுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள அச்சிறு தொலைவில், அந்த உயரத்தை நிறுத்தி வைத்துக்கொள்வதே மனிதர் செய்யத்தக்கது.

செம்மண் மேட்டில் பெய்யும் ஒவ்வொரு மழையும் கதிரவன் ஏற்றித் தந்த உயரத்தோடுதான் வந்து சேர்கிறது. குளமும் ஏரியும் அதனை மேலேயே நிறுத்தும். அவற்றின் அடியில் கசியும் நீர் கிணற்று மட்டத்தை உயர்த்தும். ஒரு மீட்டர் உயரும் கிணற்று மட்டம், ஓர் ஏக்கருக்கு ஒரு தண்ணீருக்கு அரை யூனிட்டுக்கும் மேல் மிச்சம். பழைய குடிமராமத்து முறையில் ஊரார் ஆண்டுதோறும் கூடி ஏரியில் தூர் எடுத்தது வெறும் மரபுச் சடங்கன்று. தூர் என்பது ஏரியின் உயரத்தைத் தின்னும் மண். அதனை எடுத்துக் கரையிலிட்டவர்கள், சில நாள் சுமந்த சுமையால் ஆண்டு முழுவதும் ஏற்றம் மிதிக்கும் சுமையைக் குறைத்துக்கொண்டார்கள்.

சோழகங்கத்தைச் சீரமைக்கும் திட்டத்தை மாநில அரசு 2025-இல் அறிவித்துள்ளது. ஆயிரமாண்டுப் பெருமையின் நினைவாக அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் பெருமைக்கு மட்டுமே அது தூர்வாரப்படுமாயின், ஒரு தலைமுறைக்குள் மீண்டும் தூர்ந்துவிடும். இராசேந்திரனின் தூண் நின்றது அவன் புகழால் அன்று. கால்வாயின் சரிவைக் காத்தவர்களாலும், மதகைத் திறந்து மூடியவர்களாலும், கரையின் எலிவளையை அடைத்தவர்களாலுமே நின்றது. ஆண்டிமடத்தைச் சூழ்ந்த ஊர்களின் சிறு குளங்களுக்கும் இதுவே பொருந்தும். அவற்றுக்குச் செப்பேடு இல்லை. வெற்றித் தூண் என்ற பெயரும் இல்லை. புவியீர்ப்பின் கணக்கில் மட்டும் சோழகங்கத்தின் ஒரு மீட்டரும் ஊர்க்குட்டையின் ஒரு மீட்டரும் ஒன்றே.

பாதையோரத்துச் சுமைதாங்கிகளின் அருகே இன்று யாரும் நிற்பதில்லை. வண்டிகள் விரைந்து கடக்கின்றன. நம் அன்பர்கள் அடுத்தமுறை அக்கல்லைக் காணும்போது சற்றே நின்று நோக்குவாராக. முகம் அறியாத ஒரு வழிப்போக்கரின் சுமை தரையில் விழக்கூடாது, விழுந்ததை அவர் தனியே தூக்க நேரக்கூடாது என்று எண்ணிய ஒருவர் அதனை நட்டுச் சென்றார். நமக்குப் பின் வருவோர் தோண்டி ஏற்ற வேண்டிய ஆழத்தைக் குறைத்து வைப்பது நம் தலைமுறை நடவேண்டிய சுமைதாங்கி.